முனைவர் பட்ட மாணவருக்கு ஞாயிற்றுக்கிழமை உண்டா?

திண்டுக்கல்லில் முதுகலை வேதியியல் முடித்த உங்களுக்கு, ஜேஆர்எஃப் எனப்படும் இளநிலை ஆய்வு உதவித்தொகைத் தேர்ச்சியுடன் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஆய்வு இடம் கிடைத்திருக்கிறது. அங்கே ஒரு நாள் எப்படிப் போகும், சனி ஞாயிறு என்று ஒன்று உண்டா, சிறு வயதிலிருந்து வாசித்துவரும் மிருதங்கத்தை எடுத்துச் செல்வதா அல்லது வீட்டிலேயே வைத்துவிடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் அதே வளாகத்தில் வேதியியலில் ஆய்வு முடித்தவன். இப்போது வேறோர் ஊரில் ஆய்வு மாணவர்களுக்கு நெறியாளராக இருக்கிறேன். ஆகவே இந்தக் கேள்வியை இரு பக்கத்திலிருந்தும் பார்த்த அனுபவத்தில் பதில் எழுதுகிறேன்.

முதல் ஆண்டை வைத்து மற்ற ஆண்டுகளைக் கணக்குப் போடாதீர்கள். முதல் ஆண்டில் பாடங்கள் இருக்கும், தேர்வுகள் இருக்கும், உங்களோடு சேர்ந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே கவலையில் இருப்பார்கள். மாலையில் கூட்டமாகத் தேநீர் குடிக்கப் போவதும், சனிக்கிழமை கூட்டமாக மல்லேஸ்வரத்துக்கு வெண்ணெய் தோசை சாப்பிடக் கிளம்புவதும் எளிதாக நடக்கும். பாடங்கள் முடிந்து, காம்ப்ரி என்று எல்லாரும் சுருக்கிச் சொல்லும் பொதுத் தேர்வையும் தாண்டிய பிறகு, கால அட்டவணை என்பதே இல்லாமல் போய்விடும். அதே நண்பர்கள் அதே விடுதியில்தான் இருப்பார்கள். ஆனால் ஒருவர் இரவு இரண்டு மணிக்கு அறைக்குத் திரும்புவார், இன்னொருவர் அதிகாலை ஐந்தரைக்கு எழுந்து லேபுக்குப் போய்க்கொண்டிருப்பார். நீங்கள் கேட்ட அன்றாட வாழ்க்கை உண்மையில் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

கரிம வேதியியல் லேபில் சேர்வீர்கள் என்று வைத்துக்கொண்டு ஒரு சாதாரண நாளைச் சொல்கிறேன். முந்தைய இரவு ஏற்றிவைத்த வேதிவினை காலையில் என்ன ஆயிற்று என்று, கலவையிலுள்ள பொருள்களைப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் டிஎல்சி தகட்டில் பார்ப்பதுதான் முதல் வேலை. புற ஊதா விளக்கின் கீழே புதிய புள்ளி ஒன்று தெரிந்தால் அன்றைய நாளுக்கு ஒரு திசை கிடைத்துவிடும். பிறகு பிரிபுனலில் கழுவி எடுத்து, ரோட்டாவாப் என்னும் ஆவியாக்கும் கருவியில் கரைப்பானை நீக்கி, சிலிக்கா ஜெல் நிரப்பிய நீண்ட கண்ணாடிக் குழாயில் ஹெக்சேனும் எத்தில் அசிட்டேட்டும் கலந்து ஊற்றி, சொட்டுச் சொட்டாக இறங்குவதை வரிசையாகச் சோதனைக் குழாய்களில் பிடிக்க வேண்டும். இதற்குள் மதிய உணவு நேரம் தாண்டிவிடும். மெஸ்ஸில் மிச்சம் இருப்பதைச் சாப்பிட்டுவிட்டு வந்து, கிடைத்த சில மில்லிகிராமை டியூட்டரேற்றம் செய்த குளோரோஃபார்மில் கரைத்து, மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்எம்ஆர் கருவிக்குப் பதிவு செய்த நேரத்துக்காகக் காத்திருப்பீர்கள். நான்கு மணிக்குத் தேநீர். அதை இடைவேளை என்று எண்ணாதீர்கள். நின்றுபோன வினைக்கு வைத்தியம் கிடைப்பது பெரும்பாலும் அங்கேதான், அடுத்த லேபைச் சேர்ந்த சீனியர் ஒருவர் வாயிலிருந்து. மாலையில் ஒரு கட்டுரை வாசிப்பு, அடுத்த வினையை ஏற்றுதல், இரவு உணவு, சில நாள்களில் மறுபடியும் லேப்.

இதில் சனி ஞாயிறு எங்கே வருகிறது என்றால், அது கருவிகளையும் உயிர்களையும் கேட்டுத்தான் வரும். உயிரியல் துறையில் செல் வளர்ப்பவருக்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை செல்களைப் பிரித்து மாற்ற வேண்டும். அந்த நாள் ஞாயிறாக இருந்தால் ஞாயிறும் வேலை நாள்தான். எல்லாரும் மோதும் கருவிகளில் வார நாள் பகல் நேரம் கிடைப்பது அரிது. ஞாயிறு இரவு எளிதாகக் கிடைக்கும். கணிப்பொறியில் ஆய்வு செய்பவருக்கு லேப் வாசம் இல்லையே தவிர, வரிசையில் நிற்கும் ஜாப், அதாவது கணிப்பொறிக்குக் கொடுத்த கணக்கீட்டு வேலை, எப்போது ஓடத் தொடங்கும், எப்போது பிழையோடு நிற்கும் என்ற கவலை தொலைபேசியிலேயே வந்துகொண்டிருக்கும். இதற்கு மேல் நம் நாட்டு லேப்கள் பலவற்றில் வாராந்திரக் குரூப் மீட்டிங் சனிக்கிழமை காலையில்தான் நடக்கிறது. அதனால் சனிக்கிழமையை அரை வேலை நாள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான லேப்களில் ஞாயிறு மதியத்துக்குப் பிறகான நேரம் உங்களுடையது. ஞாயிறு முழுவதும் உங்களுடையதாக இருப்பது நெறியாளரைப் பொறுத்தது.

விதியில் என்ன இருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. யுஜிசி எனும் பல்கலைக்கழக மானியக் குழுவின் ஜேஆர்எஃப் பெறுபவருக்குப் பொது விடுமுறைகள் போக ஆண்டுக்கு 30 நாள் விடுப்பு உண்டு; கல்லூரி மாணவருக்கு இருப்பதுபோல் கோடை விடுமுறை, பூஜை விடுமுறை கிடையாது. முனைவர் பட்டத்துக்கான 2022ஆம் ஆண்டு விதிமுறைகள் பெண் ஆய்வாளர்களுக்கு மகப்பேறு, குழந்தை வளர்ப்புக்காக 240 நாள் வரை விடுப்புக்கும் இடம் தருகின்றன. இந்த 30 நாளை முழுமையாக எடுப்பவர்கள் மிகக் குறைவு என்பது வேறு விஷயம், கேட்கவே தயங்குகிறார்கள். நெறியாளராக இருந்து சொல்கிறேன், முன்கூட்டியே தேதி சொல்லிக் கேட்கும் மாணவரிடம் மறுப்பதற்கு எங்களுக்குக் காரணம் கிடைப்பதில்லை. லேபைத் தேர்ந்தெடுக்கும் முன் இதை நெறியாளரிடம் கேட்காதீர்கள். எந்த நெறியாளரும் நான் ஞாயிறும் வரச் சொல்வேன் என்று ஒப்புக்கொள்ள மாட்டார். அண்மையில் ஆய்வேடு சமர்ப்பித்துவிட்டு ஊருக்குக் கிளம்பும் மனநிலையில் இருக்கும் சீனியரைத் தேடிப் பிடித்து, கடந்த தீபாவளிக்கு எத்தனை நாள் வீட்டில் இருந்தீர்கள் என்று கேளுங்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் லேபில் இருப்பவர் பன்னிரண்டு மணி நேரம் வேலை செய்கிறார் என்று பொருளில்லை. வினை ஓடும் நேரத்தில் கைப்பேசி, மதியத்துக்கு மேல் நீண்ட தேநீர், ஏழு மணிக்கு மேல் குற்ற உணர்ச்சியால் நகராமல் உட்கார்ந்திருத்தல் என்று கழியும் நேரம் அதில் ஏராளம். நேச்சர் இதழ் 2019இல் உலகெங்கும் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட முனைவர் பட்ட மாணவர்களிடம் நடத்திய கருத்தாய்வில், முக்கால்வாசிப் பேர் வாரத்துக்கு 41 மணி நேரத்துக்கு மேல் ஆய்வுக்குச் செலவிடுவதாகச் சொன்னார்கள். ஆய்வினால் உண்டான பதற்றத்துக்கோ மனச்சோர்வுக்கோ உதவி நாடியதாக 36 சதவீதத்தினர் சொன்னார்கள். இரண்டையும் அப்படியே காரணமும் விளைவுமாகக் கோர்த்துவிட முடியாது. நான் பார்த்த அளவில் மாணவரைச் சாய்ப்பது உழைப்பின் நீளத்தைவிட, உழைப்பு எங்கேயும் போய்ச் சேராததுபோல் தோன்றும் மாதங்கள்தான். பள்ளியிலும் கல்லூரியிலும் உழைத்தால் மதிப்பெண் வந்தது. இங்கே எட்டு மாதம் சரியாகவே உழைத்தும் அந்த மூலக்கூறு உருவாகாமல் போகலாம், அதில் உங்கள் தவறு எதுவும் இல்லாமலும் இருக்கலாம்.

பொழுதுபோக்கைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு என்றால் அது இந்த இடத்திலிருந்து பிறந்ததுதான். ஆய்வு தன்னுடைய வாரத்தை முடித்துத் தராது. ஆகவே வெளியிலிருந்து ஒன்று வந்து, இந்த வாரம் முடிந்தது என்று சொல்ல வேண்டியிருக்கிறது. அது தனியாகச் செய்யும் ஒன்றாக இருந்தால் பெரும்பாலும் தோற்றுப்போகும். நேரம் கிடைக்கும்போது படிக்கலாம், வரையலாம் என்று வைத்திருப்பவர்களுக்கு அந்த நேரம் கிடைப்பதே இல்லை. ஞாயிறு காலை ஏழு மணிக்கு நீங்கள் வராவிட்டால் நான்காவது ஆள் இல்லாமல் ஷட்டில் ஆட்டம் நின்றுவிடும் என்ற நிலை இருந்தால், முந்தைய இரவு எவ்வளவு கெட்டதாக இருந்தாலும் எழுந்து போவீர்கள். பிறர் காத்திருக்கிறார்கள் என்பதுதான் அதில் உள்ள சூட்சுமம்.

அந்த வளாகம் இதற்கு மிகவும் தோதான இடம். ஜம்ஷெட்ஜி டாடாவின் எண்ணத்தில் உருவாகி 1909இல் நிறுவப்பட்ட கழகத்துக்கு மைசூர் அரசர் 371 ஏக்கர் நிலம் கொடுத்தார். இன்றும் ஆட்டோக்காரரிடம் டாடா இன்ஸ்டிடியூட் என்று சொன்னால்தான் சட்டென்று புரியும். ஒரு பக்கம் யஸ்வந்தபுரமும் இன்னொரு பக்கம் மல்லேஸ்வரமும் நெருக்கிக்கொண்டிருக்க, நடுவில் காடுபோன்ற மரக்கூட்டம். அந்த மரங்களில் தேவாங்கு வாழ்கிறது என்பதைச் சேர்ந்து ஓராண்டு ஆனவர்கள்கூடப் பலர் அறிய மாட்டார்கள். இரவில் மட்டும் இரை தேடும் அந்தச் சின்ன விலங்கை, கண் கூசாதபடி சிவப்பு ஒளி விளக்கோடு மெல்ல நடந்து தேடிக் கணக்கெடுக்கும் தன்னார்வலர்கள் பெங்களூரில் இருக்கிறார்கள். அவர்களில் ஆய்வு மாணவர்களும் உண்டு. இதை உங்களிடம் குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம், இந்தியாவின் முதல் தேவாங்கு சரணாலயம் உங்கள் மாவட்டத்தையும் கரூரையும் சேர்த்துக் கடவூர் மலைப்பகுதியில் 2022இல் அறிவிக்கப்பட்டது. ஊரில் பார்க்க வாய்க்காததை எட்டு வழிச் சாலைகளுக்கு நடுவே பார்க்கும் வாய்ப்பு உங்களுக்கு இருக்கலாம்.

பறவை பார்ப்பதும் அப்படித்தான். ஒவ்வொரு பிப்ரவரியிலும் நான்கு நாள் நடக்கும் வளாகப் பறவைக் கணக்கெடுப்புக்கு நாடு முழுவதும் கல்வி நிறுவனங்களில் ஆள் சேர்க்கிறார்கள். இருநோக்கிகூட வேண்டாம், காகத்தையும் மைனாவையும் பிரித்தறியத் தெரிந்தால் போதும், மற்றதை உடன் வருபவர் சொல்லித் தருவார். மலையேற்றம் இன்னும் பெரிய கூட்டம் சேர்க்கும். மழைக்காலம் முடிந்ததும் சாவன்துர்கா, ஸ்கந்தகிரி என்று கிளம்புவார்கள்; கொஞ்சம் தேறியவர்கள் சுப்பிரமணியாவுக்கு இரவுப் பேருந்தில் போய் 1712 மீட்டர் உயரமுள்ள குமார பர்வதம் ஏறிவிட்டு, திங்கள் காலை நொண்டிக்கொண்டு லேபுக்கு வருவார்கள். அதற்கு உங்கள் நெறியாளர் முகம் சுளித்தால் பொருட்படுத்தாதீர்கள். ஜிம்கானாவில் நீச்சலும் உண்டு, கால்பந்தும் உண்டு. அதில் விரிவாகச் சொல்ல எனக்கு அனுபவம் போதாது.

நகரத்தைப் பொறுத்தவரை, காசு அதிகம் செலவழிக்காமல் ஞாயிற்றைக் கழிக்க இந்தியாவில் இதைவிட நல்ல ஊர்கள் சிலவே இருக்கும். கப்பன் பூங்காவின் உட்சாலைகளில் ஞாயிறன்று வாகனங்களை விடுவதில்லை. அங்கிருந்து நடக்கும் தூரத்தில் சர்ச் தெருவின் பழைய புத்தகக் கடைகள். ஜே.பி. நகரில் ரங்கசங்கரா அரங்கில் நாடகம் பார்க்கலாம், ஆனால் ஒரு நிபந்தனை: நேரத்துக்குப் பிறகு வந்தால் உள்ளே விடமாட்டார்கள், பெங்களூர் போக்குவரத்தைச் சாக்காகச் சொல்லவும் முடியாது. ஜவஹர்லால் நேரு கோளரங்கத்தில் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை மாலையில் நடக்கும் பொது அறிவியல் உரைகளுக்குப் பள்ளிச் சிறுவர்களும் ஓய்வு பெற்றவர்களும் வருவார்கள். தன் துறையைத் தவிர எதையும் கேட்காமல் காய்ந்துபோன மாணவருக்கு அது நல்ல மருந்து. தமிழ் வாசிக்க ஏங்கினால் அல்சூர் ஏரிக்கரைத் தமிழ்ச் சங்கத்தில் நூலகம் இருக்கிறது. அருகிலேயே, பல ஆண்டுகள் மூடியே இருந்து 2009இல் திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலை.

நட்பு வட்டம் எப்படி அமையும் என்பதைச் சற்று யோசித்துக்கொள்ளுங்கள். முதல் சில வாரங்களில் தமிழர்கள் தமிழர்களோடும், வங்காளிகள் வங்காளிகளோடும், மலையாளிகள் மலையாளிகளோடும் உட்காருவது இயல்பு. புதிய இடத்தில் சாம்பார் இனிக்கும்போது அதைப் பற்றிப் புலம்பவாவது ஒருவர் வேண்டும் அல்லவா. அந்த வட்டத்தோடே நின்றுவிட்டால் இழப்பு பெரிது. ஓணத்துக்கு இலை போட்டுப் பரிமாறவும், துர்கா பூஜைக்குப் பந்தல் பார்க்கவும், ஹோலிக்கு நனையவும் அழைப்பார்கள், போங்கள். பொங்கலுக்கு நீங்கள் அழையுங்கள். கொஞ்சம் கன்னடம் கற்றுக்கொள்ளுங்கள். காவலாளியிடமும் மெஸ் ஊழியரிடமும் லேப் உதவியாளரிடமும் அவர்கள் மொழியில் நான்கு வார்த்தை பேசும் மாணவருக்கு வளாகம் வேறு மாதிரி திறக்கும்.

பழைய கல்லூரி நண்பர்களுடனான உறவில் மெல்ல ஒரு விரிசல் வரும், அதற்கும் தயாராக இருங்கள். மூன்றாம் ஆண்டில் அவர்கள் கார் வாங்கியிருப்பார்கள், திருமணம் செய்திருப்பார்கள். நீங்கள் இன்னும் படிக்கிறீர்கள். ஊருக்குப் போகும்போதெல்லாம் எப்போது முடிப்பாய் என்று கேட்பார்கள். பெண்களுக்கு இந்தக் கேள்வி இரட்டிப்பு வேகத்தில், வரன் விவரத்தோடு சேர்ந்து வரும். ஞாயிறு மாலைத் தொலைபேசி அழைப்பை அதனாலேயே தள்ளிப்போடும் மாணவிகளைப் பார்த்திருக்கிறேன். தேதி சொல்லித் தப்பிக்கப் பார்க்காதீர்கள், தேதி தவறும். இந்த ஆண்டு என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்பதை அம்மா அப்பாவுக்குப் புரியும்படி சொல்லிப் பழகுங்கள். ஒருமுறையாவது அவர்களை அழைத்து வந்து லேபைக் காட்டுங்கள். ஆண்டுக்கொருமுறை பொதுமக்களுக்காக வளாகத்தைத் திறந்துவைக்கும் நாள் அதற்கு ஏற்றது.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. 2023 ஜனவரி முதல் ஜேஆர்எஃப் மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டுக்குப் பின் மதிப்பீட்டில் தேறினால் எஸ்ஆர்எஃப் எனும் முதுநிலை ஆய்வு உதவித்தொகை ஆகி 42,000 ரூபாய். விடுதியில் இருக்கும் ஒருவருக்கு இது தாராளமாகப் போதும், வீட்டுக்கும் கொஞ்சம் அனுப்பலாம். ஆனால் தொகை சில நேரங்களில் மாதக்கணக்கில் தாமதமாக வருவதுண்டு. அதனால் முதல் ஆண்டிலேயே மூன்று மாதச் செலவுக்கான பணத்தை ஒதுக்கிவிடுங்கள். உதவித்தொகை பொதுவாக ஐந்து ஆண்டுக்குத்தான், வேதியியல் ஆய்வு அதைத் தாண்டி நீள்வது சாதாரணம். வெள்ளிக்கிழமை இரவு ஆம்னி பேருந்துக் கட்டணத்தைப் பார்த்தால் ஊருக்குப் போகும் ஆசையே போய்விடும். தூத்துக்குடி விரைவு ரயிலுக்கு முன்பதிவு திறந்த அன்றே பதிவு செய்துவிடுவது உத்தமம்.

கடைசியாக மிருதங்கம். எடுத்துச் செல்லுங்கள். அந்த வளாகத்துக்கும் மிருதங்கத்துக்கும் உள்ள தொடர்பு உங்களுக்குத் தெரிந்திருக்காது என்பதால் சொல்கிறேன். சாதாரணத் தோல் கருவிகளில் சுருதி தெளிவாகக் கேட்பதில்லை, ஏனென்றால் இழுத்துக் கட்டிய தோலின் மேலெழும் அதிர்வெண்கள் ஒன்றுக்கொன்று முழு எண் விகிதத்தில் அமைவதில்லை. வலந்தலை எனும் வலப்பக்கத் தோலின் நடுவில் ஏற்றும் கரணை என்ற கரும்பூச்சுதான் அந்த அதிர்வெண்களை ஒழுங்குக்குக் கொண்டுவந்து மிருதங்கத்தைச் சுருதி சேரும் கருவியாக்குகிறது. இதை முதலில் ஆராய்ந்து எழுதியவர் சி.வி. ராமன். 1920இலேயே தொடங்கிவிட்ட அந்த ஆய்வை விரிவாக்கி அவர் கட்டுரை வெளியிட்டது 1934இல். அப்போது அவர் இந்தக் கழகத்தின் இயக்குநர்.

வாசிப்பதில் நடைமுறைச் சிக்கல் ஒன்றுதான். விடுதிச் சுவர்கள் மெல்லியவை. பகலில் உறங்கும் இரவு வேலைக்காரர் எப்போதும் பக்கத்து அறையில் இருப்பார். அதனால் அறையில் வாசிக்க எண்ணாமல், வளாக இசைக் குழுவினர் பயிற்சி செய்யும் இடத்தையும் நேரத்தையும் சேர்ந்த முதல் மாதமே விசாரித்துவிடுங்கள். வயலினோ புல்லாங்குழலோ வாசிப்பவர் ஒருவர் கண்டிப்பாக அகப்படுவார். பாடுபவர்கள் ஏராளம், மிருதங்கத்துக்குத்தான் எப்போதும் ஆள் பற்றாக்குறை, அதனால் உங்களை விடமாட்டார்கள். ஏப்ரலை ஒட்டி ராமநவமி காலத்தில் சாமராஜபேட்டை கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்தில், 1939 முதல் நடந்துவரும் கச்சேரித் தொடர் இருக்கிறது. கேட்க மட்டும் போனாலும் ஒரு மாத மாலைகள் அதிலேயே போய்விடும். பெங்களூரின் மழைக்கால ஈரத்தில் தோல் தொய்ந்து சுருதி இறங்கும், ஆகவே வார் பிடித்த கருவியைவிட போல்ட் வைத்த கருவி விடுதி வாழ்க்கைக்கு வசதி. தொப்பி எனும் இடப்பக்கத் தோலில் அப்ப ரவை வேண்டுமென்றால் மெஸ் சமையல்காரரிடம் கேளுங்கள், உப்புமாவுக்கு முன் கொஞ்சம் எடுத்துத் தருவார்.